வழக்கமாகச் செய்கிற ஆபரேஷன்தானே, இதற்கு எதற்கு எத்திக்ஸ் கமிட்டி?

கேட்டவர் எம்.எஸ். பொது அறுவை சிகிச்சை முதலாண்டு மாணவர். கேள்வியின் சாரம் இது: தொடையிடுக்கு ஹெர்னியாவுக்கு (குடலிறக்கம்) மெஷ் என்ற வலையை வைக்கும்போது அதைத் தையல் போட்டு நிறுத்துவது நல்லதா, திசுப் பசையால் ஒட்டுவது நல்லதா, எதில் பிற்பாடு வலி குறைவு என்று பார்ப்பதுதான் கைடு கொடுத்த தீசிஸ் தலைப்பு. முறைக்கு 30 பேர், மொத்தம் 60 பேர், குலுக்கல் முறையில் பிரிப்பு. மனிதர்களிடம் செய்யும் ஆராய்ச்சிக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டி மூன்று கேள்வி எழுதித் திருப்பி அனுப்பிவிட்டது. சம்மதம் யார் வாங்குவார், எப்போது? பசைக்கு யார் பணம் கட்டுவார்? பசை வைக்கப்போகும் கை இதுவரை எத்தனை பேருக்கு வைத்திருக்கிறது? “இரண்டுமே ஊரெல்லாம் செய்கிற ஆபரேஷன்தான். புது மருந்து ஏதும் கொடுக்கவில்லை. பிறகு ஏன் சார் இத்தனை குடைச்சல்?” என்று கேட்டிருக்கிறார்.

முப்பது வருடம் ஆபரேஷன் செய்தவன் நான். கடைசி எட்டு வருடம் ஒரு மருத்துவக் கல்லூரியின் எத்திக்ஸ் கமிட்டியிலும் இருந்தேன். அந்த மூன்றும் சரியான கேள்விகள். நானாக இருந்தால் நான்காவதாக ஒன்றும் சேர்த்திருப்பேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

“புது மருந்து இல்லையே” என்று நீங்கள் சொன்ன இடத்திலிருந்தே தொடங்குவோம். புதிய மாத்திரை ஒன்றை மனிதர்களிடம் சோதிக்க வேண்டுமானால் 2019-ஆம் வருட விதிகளின்படி டெல்லியில் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரியின் அனுமதி வேண்டும். புதுவகை ஸ்டென்ட், செயற்கை மூட்டு என்றால் 2017-இல் வந்த மருத்துவக் கருவிகள் விதிகள் இருக்கின்றன. ஆனால் “நாளை முதல் குடலை இந்த இடத்தில் வெட்டி இன்ன விதமாகத் தைக்கப் போகிறேன்” என்று ஒரு சர்ஜன் முடிவு செய்தால், அதற்கு எந்த அலுவலகத்திலும் ஃபைல் நகர வேண்டியதில்லை. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நிறுத்திவிடலாம், வெட்டியதை ஒட்டவைத்துப் பழையபடி ஆக்க முடியாது. அப்படிப்பட்ட வேலைக்குத்தான் கெடுபிடி குறைவு. இருக்கிற ஒரே கதவு எத்திக்ஸ் கமிட்டி. அதுவும் சர்ஜன் தானே வந்து “நான் செய்வது ஆராய்ச்சி” என்று ஒப்புக்கொண்டால்தான் திறக்கும். “இது சிகிச்சை” என்று சொல்லிவிட்டால் கமிட்டிக்கு அங்கே வேலையே இல்லை.

இந்த ஓட்டை வழியாக எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு ஸ்டாக்ஹோமில் நடந்ததைப் பாருங்கள். கரோலின்ஸ்கா மருத்துவமனை சாதாரண இடமில்லை. மருத்துவத்துக்கான நோபல் பரிசை முடிவு செய்யும் கல்வி நிறுவனத்தோடு சேர்ந்தது. அங்கே 2011 ஜூனில் பாவ்லோ மக்கியாரினி என்ற இத்தாலிய சர்ஜன், புற்றுநோயால் மூச்சுக்குழல் அடைபட்ட ஒருவருக்குப் பிளாஸ்டிக்கில் செய்த மூச்சுக்குழலைப் பொருத்தினார். நோயாளியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த செல்களை அந்தக் குழாயின் மேல் ஊற்றிவைத்தால் அவை வளர்ந்து உயிருள்ள குழலாக மாறிவிடும் என்பது நம்பிக்கை. அதே வருட நவம்பரில் இரண்டாவது நோயாளி, 2012-இல் மூன்றாவது நோயாளி. ‘லான்செட்’ இதழில் கட்டுரை வந்தது, உலகம் முழுக்கச் செய்தியானது.

ஒரு பன்றிக்கோ ஆட்டுக்கோ அந்தக் குழாயை வைத்து, ஒழுங்காக வேலை செய்கிறதா என்று முன்கூட்டிப் பார்த்திருக்கவில்லை. ஆராய்ச்சிக்கான எத்திக்ஸ் அனுமதியும் வாங்கவில்லை. கேட்டபோது வந்த பதில், இது ஆராய்ச்சி இல்லை, வேறு வழியில்லாத நோயாளியின் உயிரைக் காக்கக் கொடுத்த சிகிச்சை என்பது. சிகிச்சைதான் என்றால் ‘லான்செட்’டில் எதற்கு எழுதினீர்கள் என்று அன்று யாரும் மடக்கிக் கேட்கவில்லை. குழாய் உயிருள்ளதாக மாறவே இல்லை. தளர்ந்தது, கிருமி பிடித்தது, சளியை வெளியே தள்ள முடியாமல் அடைத்தது. மூன்று பேருமே இறந்துபோனார்கள். இரண்டாமவர் நான்கே மாதத்தில். மூன்றாமவர் பல வருடம் மருத்துவமனைப் படுக்கையிலேயே கிடந்து 2017-இல்.

அதே மருத்துவமனையின் நான்கு டாக்டர்கள் கேஸ் ஷீட்டையும் கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு, கட்டுரையில் நன்றாக இருப்பதாக எழுதப்பட்ட நோயாளிகள் படுக்கையில் அப்படி இல்லை என்று 2014-இல் புகார் கொடுத்தார்கள். வெளியாள் ஒருவரை வைத்து விசாரித்ததில் குற்றம் உண்மை என்று 2015 மே மாதம் தெரிந்தது. அப்படியும் ஆகஸ்டில் துணைவேந்தர் மக்கியாரினியை விடுவித்தார். 2016 ஜனவரியில் சுவீடன் தொலைக்காட்சி இதைப் படம்பிடித்துக் காட்டிய பிறகுதான் துணைவேந்தர் பதவி விலகினார், மக்கியாரினி வேலைநீக்கம் செய்யப்பட்டார். 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை வருடச் சிறைத்தண்டனை விதித்தது. ஒரு சர்ஜனுடைய ஆபரேஷனை நீதிமன்றம் ‘கொடிய தாக்குதல்’ என்ற பிரிவில் வைத்த அபூர்வ வழக்கு அது.

உங்கள் ஹெர்னியா தீசிஸுக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் என்று எனக்கும் தெரியும். நான் காட்ட வந்தது வேறு. “சிகிச்சைதானே” என்ற அதே வாதத்தைத்தான் நீங்களும் “ஊரெல்லாம் செய்கிற ஆபரேஷன்தான்” என்று வேறு சொல்லில் வைத்திருக்கிறீர்கள். அறுபது பேரில் யாருக்குப் பசை, யாருக்குத் தையல் என்பதை நோயாளியின் வயிற்றைப் பார்த்து நீங்கள் முடிவு செய்யப்போவதில்லை, ஒரு சீட்டு முடிவு செய்யப்போகிறது. அந்தச் சீட்டு தியேட்டருக்குள் வந்த நிமிடமே அது ஆராய்ச்சி.

சரி, இத்தனை சிக்கலென்றால் ஆராய்ச்சியே வேண்டாம், குருநாதர் சொல்லித்தந்தபடி செய்துகொண்டு போகலாமே என்று தோன்றும். அந்தப் பக்கத்துப் பள்ளம் இன்னும் ஆழம்.

1950-களின் பிற்பகுதியில் நெஞ்சுவலிக்கு ஓர் ஆபரேஷன் அமெரிக்காவில் பரவியது. மார்பெலும்புக்கு இரு பக்கமும் உள்பக்கமாக இறங்கும் தமனிகளைக் கட்டிவிட்டால், அந்த ரத்தம் கிளைகள் வழியாக இதயத்துக்குத் திரும்பிவிடும் என்பது கணக்கு. மரத்துப்போக ஊசி போட்டு, இரண்டு பக்கமும் சிறிதாகக் கீறி, நூலைக் கட்டினால் முடிந்தது. படியேற முடியாமல் இருந்தவர்கள் நடமாடினார்கள், மாத்திரையைக் குறைத்தார்கள். கண்ணால் கண்ட பலன். யார் மறுப்பது?

சியாட்டிலில் லியோனார்ட் காப் என்ற டாக்டரின் குழு 17 நோயாளிகளை எடுத்துக்கொண்டது. எல்லோருக்கும் தோலைக் கீறித் தமனியைக் கண்டுபிடித்து வெளியே காட்டிய பிறகு சர்ஜன் கையில் ஓர் உறை கொடுக்கப்படும். உள்ளே இருக்கும் அட்டையில் ‘கட்டு’ அல்லது ‘கட்டாதே’. எட்டுப் பேருக்குக் கட்டினார்கள். ஒன்பது பேருக்குக் கட்டாமலே தோலைத் தைத்து அனுப்பினார்கள். 1959-இல் முடிவு வெளிவந்தது. கட்டாதவர்களும் கட்டியவர்களைப் போலவே தேறியிருந்தார்கள். அடுத்த வருடம் கான்சாஸில் 18 பேரிடம் செய்து பார்த்ததிலும் அதே கதை. அந்த ஆபரேஷன் அத்தோடு வழக்கொழிந்தது.

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது, இரண்டும் என்னை இன்றும் உறுத்தும். அந்த 17 பேரிடம் “இந்த ஆபரேஷனின் பலனை மதிப்பிடுகிறோம்” என்று மட்டும்தான் சொன்னார்கள். உங்களில் பாதிப் பேருக்குச் சும்மா கீறிவிட்டுத் தைத்துவிடுவோம் என்று சொல்லவில்லை. இன்றைக்கு எந்தக் கமிட்டியும் இதை அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. ஆனால் அந்த ஒன்பது பேருக்கு இழைத்த தவறால்தான், பின்னால் வந்த ஆயிரக்கணக்கானவர்களின் மார்பு பிரயோஜனம் இல்லாமல் கீறப்படாமல் தப்பியது. அதற்கு முன்னால் நல்லெண்ணத்தோடு, ஒரு கமிட்டியும் கேட்காமல், சிகிச்சை என்ற பெயரில் அதே நூலைக் கட்டிக்கொண்டிருந்த சர்ஜன்களை யாரும் குற்றம் சொல்வதில்லை. எனக்கு அவர்களும் நோயாளியிடம் சொல்லாமல் சோதனை செய்தவர்கள்தான். கணக்கு வைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

போலி ஆபரேஷன் என்றாலே தவறு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஹூஸ்டனில் படைவீரர் மருத்துவமனை ஒன்றில் புரூஸ் மோஸ்லி குழு செய்த முழங்கால் ஆய்வு 2002-இல் வந்தது. மூட்டுத் தேய்மானத்துக்கு ஆர்த்ராஸ்கோப்பி (சிறு துளை வழியே மூட்டுக்குள் விடும் கேமராக் குழாய்) வைத்துச் சுரண்டிக் கழுவுகிற ஆபரேஷன் அப்போது அமெரிக்காவில் வருடத்துக்கு ஆறரை லட்சம் நடந்துகொண்டிருந்தது. 180 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பங்குக்குச் சுரண்டல், ஒரு பங்குக்கு வெறும் கழுவல், ஒரு பங்குக்குத் தோலில் மூன்று சிறு கீறல் மட்டும். மூன்றாவது பங்குக்கு முழு மயக்கம் கொடுக்கவில்லை. மயக்க மருந்தின் ஆபத்தைக் குறைக்கத் தூக்க ஊசி மட்டும். ஆனால் தியேட்டரில் சர்ஜன் வழக்கம்போல ஒவ்வொரு கருவியாகக் கேட்டு வாங்குவார், காலை அசைப்பார், உப்புத் தண்ணீரைச் சலசலக்க விடுவார். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது வலியில் மூன்று பங்குக்கும் வித்தியாசம் இல்லை.

இந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது அந்த முடிவைவிட, சம்மதம் வாங்கிய விதம். எனக்குப் போலி ஆபரேஷன் கிடைக்கலாம், அப்படிக் கிடைத்தால் என் மூட்டுவாதத்துக்கு அதனால் பலன் இல்லை என்று நோயாளி தன் கைப்பட கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். அச்சடித்த தாளில் கையெழுத்து போடுவது வேறு, தானே எழுதுவது வேறு. எழுதச் சொன்னவுடன் என்ன ஆயிற்று? தகுதியுள்ள 324 பேரில் 144 பேர் வேண்டாம் என்று போய்விட்டார்கள். நூற்றுக்கு 44 பேர். நம் ஊர்த் தீசிஸ்களில் ‘மறுத்தவர்கள்: பூஜ்யம்’ என்று பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த 44 நினைவுக்கு வரும். நூறு பேரில் ஒருவர்கூட மறுக்கவில்லை என்றால் கேட்ட விதத்தில்தான் சந்தேகம் வருகிறது.

பின்னால் லண்டனில் இதய ரத்தக்குழாய் ஸ்டென்ட்டுக்கும் இதே முறையில், போலிச் சிகிச்சையோடு 200 பேரை வைத்து ஒப்பிட்டார்கள். 2017-இல் வந்த அந்த முடிவு, நெஞ்சுவலிக்கு மருந்தை முழுமையாகக் கொடுத்திருக்கிற நோயாளிக்கு ஸ்டென்ட் வைத்ததால் ட்ரெட்மில்லில் நடக்க முடிகிற நேரம் சொல்லிக்கொள்ளும்படி உயரவில்லை என்றது. ஊரே சண்டைக்கு வந்தது. அதே குழு 2023-இல், மருந்து அநேகமாக இல்லாத நோயாளிகளிடம் மறுபடி செய்தபோது ஸ்டென்ட் வலியைக் குறைத்தது தெரிந்தது. போலி ஆபரேஷன் இல்லாமல் இந்த இரண்டில் எதையும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. மண்டையில் துளை போட்டுச் செய்த பார்க்கின்ஸன் ஆய்வு போன்றவற்றில் எனக்கு மனம் ஒப்பவில்லை. கீறலின் ஆபத்துக்கும் கிடைக்கப்போகும் அறிவுக்கும் ஏதாவது ஒரு விகிதம் வேண்டும். உங்கள் தீசிஸில் போலி எதுவும் இல்லாததால் இதை இதோடு விடுகிறேன்.

உங்களுக்கு வேண்டியது அடுத்தது: “எது நல்லது என்று எனக்குத் தெரியாது” என்று நோயாளியிடம் சொல்வது. இரண்டில் எது மேல் என்பது உண்மையிலேயே தெரியாதபோதுதான் சீட்டுப் போடுவது நியாயம். தெரிந்துகொண்டே போட்டால் ஒரு பாதிக்குத் தெரிந்தே மட்டமானதைக் கொடுக்கிறீர்கள். ஆனால் சர்ஜனுக்கு இந்த வாக்கியம் தொண்டையில் சிக்கும். பெர்னார்ட் ஃபிஷர் மார்பகப் புற்றுநோய்க்கு முழு மார்பையும் எடுப்பதா, கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுப்பதா என்று ஒப்பிட 1976-இல் ஆய்வு தொடங்கினார். நோயாளிகள் சேரவில்லை. ஏன் அனுப்பவில்லை என்று சர்ஜன்களைக் கேட்டபோது 73 சதவீதம் பேர், சீட்டுப் போடுகிறேன் என்று சொன்னால் எனக்கும் நோயாளிக்கும் உள்ள உறவு கெட்டுவிடும் என்றார்கள். ஒருவழியாக முடிந்த அந்த ஆய்வு, இரண்டு முறையிலும் ஆயுள் ஒன்றுதான் என்று 1985-இல் காட்டியது. இருபது வருடம் தொடர்ந்து பார்த்தும் அதே முடிவு. ஏறக்குறைய நூறு வருடமாகச் சர்ஜன்கள் உறுதியாகத் தெரியும் என்று நினைத்திருந்த விஷயம் அது.

இன்னொரு உதாரணம் நம் பெண்களுக்கு நெருக்கமானது. ஆரம்பநிலைக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வயிற்றைத் திறந்து செய்வதைவிடச் சிறு துளை வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி, ரோபோ நல்லது என்று எல்லோருமே மாறிக்கொண்டிருந்தோம். தழும்பு சிறிது, சீக்கிரம் வீடு திரும்பலாம், ரத்தம் குறைவு. 631 பெண்களைச் சீட்டுப் போட்டுப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2018-இல் வந்தது. நாலரை வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் திறந்து செய்ததில் 96.5 சதவீதம், துளை வழி செய்ததில் 86 சதவீதம். ஆய்வை நடுவிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. அந்தச் செய்தியைப் படித்த அன்று எங்கள் யூனிட்டில் நடந்த மவுனத்தை நான் மறக்கவில்லை.

இனி உங்கள் கமிட்டியின் முதல் கேள்விக்கு வருகிறேன், சம்மதம். கமிட்டி சார்பில் ஆய்வு நடக்கும் வார்டுகளை நேரில் போய்ப் பார்ப்பதுண்டு. அப்படி ஒரு சாயங்காலம். மறுநாள் தியேட்டர் லிஸ்ட் ஒட்டியாகிவிட்டது. சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர், ஐம்பது வயது இருக்கும், லுங்கியோடு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார், ஷேவ் முடிந்துவிட்டது. ஹவுஸ் சர்ஜன் பையன் நாலு கேஸ் ஷீட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து, “அண்ணே, இதுல ஒரு கையெழுத்து, அப்புறம் இங்க ஒண்ணு” என்றான். முதலாவது ஆபரேஷனுக்கு, இரண்டாவது ஆராய்ச்சிக்கு. அவர் பேனாவை வாங்கிக்கொண்டு கேட்டார்: “ரெண்டாவதுல போடலன்னா நாளைக்கு லிஸ்ட்ல இருந்து எடுத்துருவீங்களா தம்பி?”

“அதெல்லாம் இல்லண்ணே” என்றான் அவன், அடுத்த கட்டிலைப் பார்த்துக்கொண்டே. அவர் இரண்டிலும் போட்டார்.

சட்டப்படி அங்கே ஒரு குறையும் இல்லை. கையெழுத்து இருக்கிறது, சாட்சி இருக்கிறது. மூன்று வாரம் வேலையை விட்டுக் காத்திருந்து, காலையிலிருந்து பட்டினியாக இருக்கப்போகிற மனிதரிடம், ஆபரேஷன் செய்யப்போகிற யூனிட்டே வந்து கேட்டால் ‘முடியாது’ என்ற சொல் வாயில் வருமா? அவருக்கு இல்லை என்று சொல்லும் உரிமை இருந்தது, சொல்லத் தெம்பு இல்லை. கமிட்டி உங்களிடம் கேட்பது இதைத்தான். ஆகவே ஓ.பி.யில் ஹெர்னியா என்று தெரிந்து தேதி கொடுக்கும் அன்றே பேசுங்கள். தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். கேட்கிறவர் உங்கள் யூனிட்டைச் சேராதவராக இருக்கட்டும். வேறு துறை பி.ஜி., இல்லையென்றால் சமூகப் பணியாளர். மறுத்தவரின் பெயர் சீஃபுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

அந்தத் தாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அன்று அவர் கையெழுத்திட்ட தமிழ்ப் படிவத்தில் ‘நீங்கள் சீரற்ற முறையில் ஒதுக்கப்படுவீர்கள்’ என்று இருந்தது. என்ன புரிந்தது என்று நான் அவரிடம் கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, “ஆபரேஷன் சீரா நடக்கலன்னா ஒதுக்கிருவாங்கன்னு போட்டிருக்கு” என்றார். அப்படி நினைத்துக்கொண்டும் போட்டிருக்கிறார், பாருங்கள். ‘சீட்டுக் குலுக்கிப் போட்டு எது வருகிறதோ அதைச் செய்வோம், டாக்டர் தேர்ந்தெடுக்க மாட்டார்’ என்று எழுதினால் யாருக்கும் புரியும். எழுதிய பிறகு உங்கள் வார்டு ஆயாவிடம் படித்துக் காட்டுங்கள். அவர் தன் வாயால் திருப்பிச் சொன்னால் படிவம் தேறிவிட்டது. நோயாளியிடமும் அப்படியே, “புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள், அதற்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். “வீட்டுல போய் என்னன்னு சொல்லுவீங்க?” என்று கேளுங்கள்.

இரண்டாவது கேள்வி, பசைக்கான பணம். இதற்கு நீளமான விளக்கம் தேவையில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது. வழக்கமான சிகிச்சைக்கு மேல் ஆராய்ச்சிக்காக ஆகும் செலவை நோயாளி தலையில் கட்டக் கூடாது. பசை, கூடுதல் ரத்தப் பரிசோதனை, மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் வலியைக் கேட்க நீங்கள் வரச்சொல்லும் பஸ் செலவு எல்லாம் இதில் சேரும். கம்பெனிக்காரர் பசையை இலவசமாகத் தருகிறேன் என்றால் அதை எழுதிக் காட்டிவிடுங்கள். மறைத்தால்தான் வம்பு. பலரும் கவனிக்காத இன்னொன்று: மாணவர் ஆராய்ச்சியில் ஸ்பான்சர் என்று வெளியே யாரும் கிடையாது, கல்லூரியே ஸ்பான்சர். ஆராய்ச்சியால் யாருக்காவது காயமோ கோளாறோ வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் அந்தப் பொறுப்பில் வரும். உங்கள் படிவத்தில் அதற்கு ஒரு பத்தியும், எந்நேரமும் எடுக்கப்படும் ஒரு போன் எண்ணும் இருக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி, கை. இதைத்தான் நீங்கள் அதிகம் குறைத்து எடைபோட்டிருக்கிறீர்கள். மாத்திரை யார் கொடுத்தாலும் ஒரே மாத்திரை, ஆபரேஷன் அப்படி இல்லை. நூறு தையல் போட்ட கையையும் மூன்று தடவை பசை வைத்த கையையும் ஒப்பிட்டால் நீங்கள் அளப்பது பசையை அல்ல, பழக்கத்தை. அப்படி ஒரு ஆய்வு எத்தனை ஒழுங்காக நடந்தாலும் பதில் தராது. பதில் தராத ஆய்வுக்காக 60 பேரைத் தொந்தரவு செய்வதே நெறிமுறைத் தவறு. யார் செய்வார், அவர் ஏற்கனவே எத்தனை செய்தவர், பி.ஜி. செய்தால் பக்கத்தில் யார் நிற்பார் என்று எழுதுங்கள்.

இதை நான் மேடையில் நின்று சொல்லவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லேப்ராஸ்கோப்பி புதிதாக வந்தபோது, நான்கு நாள் பயிற்சிக்குப் போய்வந்து பித்தப்பை எடுக்க ஆரம்பித்தேன். நோயாளிகளிடம் “சின்ன ஓட்டைதாம்மா, மூணாம் நாள் வீட்டுக்குப் போயிரலாம்” என்று சொன்னேன். இது எனக்கு ஆறாவது கேஸ் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. ஒரு அம்மாவுக்குப் பித்தநாளம் வெட்டுப்பட்டுவிட்டது. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி மறுபடி ஆபரேஷன் செய்து பிழைத்தார். ஒன்றரை மாதம் கழித்து ஒரு பையில் எலுமிச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். எந்தக் கமிட்டியும் என்னைக் கேள்வி கேட்கவில்லை, ஏனென்றால் அது ‘சிகிச்சை’. 2009-இல் ஆக்ஸ்ஃபர்டில் கூடிப் பேசிய சர்ஜன்கள், புதிய ஆபரேஷன் எதுவானாலும் முதல் ஆள் தொடங்கி நெடுநாள் கண்காணிப்புவரை படிப்படியாக எப்படிக் கணக்கு வைத்துப் போக வேண்டும் என்று வகுத்து ‘லான்செட்’டில் வெளியிட்டார்கள். அதைப் படித்தபோது எனக்கு அந்த எலுமிச்சம்பழப் பைதான் கண்ணில் வந்தது.

இப்போது என் நான்காவது கேள்வி. உங்கள் 60 பேரும் எந்த வார்டிலிருந்து வரப்போகிறார்கள்? உங்கள் கல்லூரியில் கட்டண வார்டும் இருக்கிறது, அங்கேயும் ஹெர்னியா வருகிறது. அவர்களில் ஒருவரையும் சேர்க்கப்போவதில்லை என்றால் ஏன்? 1845 முதல் நான்கு வருடம் அமெரிக்காவின் அலபாமாவில் மேரியன் சிம்ஸ் என்ற சர்ஜன், பிரசவத்தால் சிறுநீர்ப்பையில் ஓட்டை விழுந்த பெண்களிடம் ஆபரேஷன் செய்து செய்து ஒரு முறையைக் கண்டுபிடித்தார். அனார்க்கா, பெட்ஸி, லூசி என்று மூன்று பெயர்கள் தெரியும். மூவரும் அடிமைப் பெண்கள். அனார்க்காவுக்கு மட்டும் சுமார் முப்பது தடவை, மயக்க மருந்து இல்லாமல். முறை தேறிய பிறகு அது மற்ற பெண்களுக்கும் போயிற்று. அந்த ஓட்டையை அடைக்க இன்றும் அவர் வழியில்தான் போகிறோம். நியூயார்க்கில் நின்ற அவர் சிலையை 2018-இல் எடுத்தார்கள். நம் பொது வார்டில் யாரும் அடிமை இல்லை. ஆனால் ஆராய்ச்சியின் பாரம் பொது வார்டுக்கும் பலன் எல்லா வார்டுக்கும் என்று எப்போதும் அமைந்தால், அதை யாராவது ஒருவர் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கட்டண வார்டிலிருந்தும் பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள். எத்தனை பேர் மறுக்கிறார்கள், என்ன காரணம் சொல்கிறார்கள் என்பதே உங்கள் சம்மதப் படிவத்துக்கு நல்ல பரீட்சை.

நடைமுறையில் இன்னும் இரண்டு. முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே மருத்துவ ஆய்வுகளுக்கான தேசியப் பதிவேட்டில் பதிந்துவிடுங்கள். 2018 ஏப்ரலிலிருந்து பின்தேதியிட்டுப் பதிய விடுவதில்லை. பசையில் பலன் இல்லை என்று வந்தாலும் அதையும் அப்படியே எழுதுங்கள். ‘வித்தியாசம் இல்லை’ என்ற தீசிஸுக்கு மார்க் குறையும் என்று சீனியர்கள் கிளப்பிவிடும் பயத்தை நம்பாதீர்கள்.

கடைசியில் கேட்டிருந்தீர்கள், இப்படியெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் நோயாளிகள் மறுத்துவிடுவார்கள், கொடுத்த காலத்தில் 60 பேர் சேராது, என்ன செய்வது என்று. சேராமல் போகலாம். அப்போது கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இத்தனை பேரைக் கேட்டோம், இத்தனை பேர் இன்ன காரணத்தால் மறுத்தார்கள், எண்ணிக்கையைக் குறைக்கவோ காலத்தை நீட்டிக்கவோ வேண்டுகிறேன் என்று. நான் இருந்த எட்டு வருடத்தில் அப்படி வந்த கடிதங்கள் மொத்தமே மூன்று. மூன்றுக்கும் அன்றைய கூட்டத்திலேயே அனுமதி கொடுத்தோம்.